மூன்று நடை விறகு

ஒரு நடை போதும் என்று அம்மா சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும், வாணி இன்னும் அதே முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், கையில் போன், மடியில் அப்பாவின் ஸ்கேன் படம் வந்த பெரிய பழுப்புக் கவர். ஒரு நடை. அதாவது விறகுக்கடை சூசையின் குட்டியானை வண்டி இந்த மேட்டுப்பாதையில் ஒரே ஒரு தடவை முக்கி முனகி ஏறி வந்து, வாசலில் விறகைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனால் போதும், அவ்வளவுதான், வாழ்க்கை முடிந்தது. போன வருஷம் மூன்று நடை. அதற்கு முந்தின வருஷமும் மூன்று. அவள் இரட்டைப் பின்னலோடு கோத்தகிரி பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிய காலத்திலிருந்து ஐப்பசி கடைசியில் மூன்று நடை விறகு இந்த வாசலில் இறங்காத வருஷம் உண்டா? அம்மா அதை எப்படிச் சொன்னாள் என்பதுதான் அதைவிட உறுத்தியது. ரசத்துக்கு எத்தனை தக்காளி என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பன்னெண்டு மணிக்கு வண்டியை எடப்பள்ளிப் பக்கம் அனுப்பிருவேன் பாப்பா, அதுக்குள்ள எத்தனை நடைன்னு சொல்லிப்போடு, நானே ஒருதரம் கூப்புடறேன்" என்று சூசை காலையில் சொல்லியிருந்தார். இப்போது மணி பத்தே முக்கால். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்குகிறாரா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத படுக்கை அது, வந்து நாலு நாளாகியும் அவளுக்குப் பிடிபடாத படுக்கை.

கட்டிலுக்கு மூன்றடி தள்ளி இரும்புக் கணப்பு. பழைய பாய்லர் தகட்டை வெட்டி அப்பாவே பற்றவைத்துச் செய்தது, முன்னால் ஒரு கதவு, மேலே கூரையைத் துளைத்துப் போகும் ஒரு குழாய், கதவுக்குக் கைப்பிடியாக ஏதோ ஒரு மெஷினின் நெம்புகோல். தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் பிட்டராக இருந்த பொன்னுரங்கம் இந்த மலையில் செய்த ஒரே தப்பு தன்னைக் கட்டிக்கொண்டதுதான், மற்றதெல்லாம் அளவெடுத்துச் செய்தது என்று அம்மா சொல்வதுண்டு, சொல்லிவிட்டுத் தானே சிரிப்பதும் உண்டு. ஹீட்டர் வாங்கலாம் என்று வாணி சண்டை போட்டிருக்கிறாள், பனி விழும் நாளில் இந்த மேட்டில் கரண்டு பல்ப் இழைக்கே பற்றாது, ஹீட்டர் எங்கே சிவக்கப்போகிறது. அவள் எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டு துண்டு சாம்பல் பூத்துக் கிடந்தன. பக்கத்துக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். அதன் வெட்டுமுகத்தில் சாக்பீஸால் 11 என்று எழுதியிருந்தது, கூடையிலிருந்த எல்லாத் துண்டிலும் அதே 11 தான், கடைக்காரர்கள் போடும் அடையாளமாக இருக்கும் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டு அதே நினைப்போடு கதவைச் சாத்தினாள். பிறகு கவரைத் திருப்பிப் போட்டு, கல்லீரல் படத்தின் முதுகில் கணக்குப் போட ஆரம்பித்தாள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சி செய்கிறவள் அம்மாவின் வாய்க்கணக்கை அப்படியே போனில் ஒப்பிப்பாளா? ஒரு நடைக்கு எழுநூற்றைம்பது கிலோ. பச்சைச் சீகை மரம், மலைச்சரிவெல்லாம் மண்டிக் கிடக்கும் வாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், காய்ந்தால் நிற்பது ஐநூறு. நேற்று முழுக்கக் கூடையை எடைத்தராசில் வைத்து வைத்துப் பார்த்ததில் ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ எரிகிறது. ஐநூறைப் பதினைந்தால் வகுத்தால் முப்பத்து மூன்று. மீதி கொஞ்சம். மீதியை விடு. முப்பத்து மூன்று.

முப்பத்து மூன்று நாள். மூன்று நடைக்கு நூறு நாள் வரும், அது சரியாகத்தான் இருக்கிறது, நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, பனிக்காலம் முழுக்க. ஒரு நடைக்கு முப்பத்து மூன்று. அவள் எழுந்து காலண்டரிடம் போனாள், போகாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு பதினாலு, இன்றையும் சேர்த்து எண்ணினால் இந்த மாதத்தில் பதினேழு நாள், அடுத்த மாதத்தில் பதினாறு, விரல் வந்து நின்ற கட்டத்தில் டிசம்பர் பதினாறு, மார்கழி ஒன்று என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது, பக்கத்தில் ஒரு கோலத்தின் படம். ஆக அம்மா அப்பாவுக்கு மார்கழி முதல் தேதி வரை கொடுத்திருக்கிறாள். தக்காளி எண்ணுகிற குரலில். முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷனுக்கு அதற்கு மேல் விறகு எதற்கு, மிஞ்சிப்போனால் வீண்தானே என்று நினைத்திருக்கிறாள். இல்லை, அம்மா அப்படி நினைப்பவள் இல்லை. நினைப்பவள் இல்லையென்றால் ஏன் சொன்னாள்? வாய் தவறிச் சொல்ல இது பேர் இல்லையே, எண். எண் வாய் தவறி வராது, உள்ளே எங்கோ கூட்டிக் கழித்த பிறகுதான் வரும், அதைப் படிக்கத்தானே அவள் ஆறு வருஷம் ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்தாள். யாரும் எண்ணைச் சும்மா சொல்வதில்லை. தெருவில் போகிறவரைப் பிடித்து ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லு என்றால்கூட அவன் பயப்படுகிறதைத் தவிர்த்துவிட்டுத்தான் சொல்வான்.

அந்தக் கோயமுத்தூர் டாக்டராவது ஒரு எண் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் எண்ணே சொல்லவில்லை. மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டே, "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க, கோத்தகிரியா, அங்கெல்லாம் இப்ப பனி ஆரம்பிச்சிருக்குமே" என்றார். பிறகு, "பனி முடியறவரைக்கும் பார்க்கலாம்மா" என்றார். எந்தப் பனி சார் என்று வாணி கேட்டாள். மலையில் பனி நவம்பரிலும் விழும், சில வருஷம் மார்ச் முதல் வாரத்திலும் விழும், உங்கள் பனி எது? நீங்கள் சொல்வது சராசரியா, சராசரி என்றால் எத்தனை பேரின் சராசரி, அதில் எங்கள் அப்பா மாதிரி முப்பத்து நாலு வருஷம் இரும்பு தூக்கின உடம்பு எத்தனை, சராசரி என்பது யாருடைய அப்பா சார்? அவர் கோபப்படவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. கோபப்பட்டால் எதிராளி, இரக்கப்பட்டால் யாரோடு மோதுவது? அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தாள், "வா, அவருக்கு வெளிய எத்தனை பேர் உக்காந்திருக்காங்க பாரு" என்றாள். வெளியே வந்தும் அம்மா அழவில்லை. பஸ் பர்லியார் தாண்டி வளைவில் நின்றபோது இறங்கிப்போய்க் கொய்யாப்பழம் வாங்கி வந்தாள், நாலு காய், ஒன்றைத் துடைத்துக் கடித்தும் விட்டாள். அந்தக் கடியின் சத்தம் வாணியின் காதில் இன்னும் இருக்கிறது. எப்படிக் கடிக்க முடிந்தது? பக்கத்து சீட்டில் அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்க, மடியில் இதே பழுப்புக் கவர் இருக்க, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக்கொண்டு எப்படி? அன்றைக்கே அம்மா உள்ளுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருப்பாள். கொய்யாப்பழத்தோடு சேர்த்து மென்றிருப்பாள்.

அப்படியே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்ளவே கூடாது, ஆனால் வாதத்துக்காக. மார்கழிக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு ஆள் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும் விறகு ஏன் குறையவேண்டும்? சோறு குறையும், சோப்பு குறையும், குளிர் குறையுமா? அறை அதே அறை. அதே பத்துக்குப் பன்னிரண்டு. ஓட்டு இடுக்கு அதே இடுக்கு. அறைக்கு, உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணத் தெரியாது, ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் அதைச் சூடாக்க அதே பதினைந்து கிலோதான், சொல்லப்போனால் ஒன்பது பேர் இருந்தால்தான் கொஞ்சம் குறையும். இது சாதாரண பௌதிகம். இதைப் போய் அம்மாவிடம் சொல்லவேண்டும், நன்றாக உறைக்கிற மாதிரி சொல்லவேண்டும். சொன்னால் அம்மா என்ன சொல்வாள், "ஆமாண்டி, நீ படிச்சவ" என்பாள். அந்த ஒற்றை வரியில் எத்தனை வாதம் செத்திருக்கிறது இந்த வீட்டில். வாணிக்குப் பத்து வயசிருக்கும், விடியற்காலையில் வாசல் வாளித் தண்ணீர்மேல் தட்டு மாதிரி ஒரு பனிக்கட்டி உறைந்திருந்தது, அதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சூரியனைப் பார்த்தாள், கேரட் தோட்டமெல்லாம் உப்புக் கொட்டினதுபோல வெள்ளை வெளேரென்று கிடந்தது, விரல் மரத்துப் போய் ஓடி வந்தபோது அப்பா கணப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கையைக் கொடு. பக்கத்துல கொண்டுபோகாத, மொதல்ல தூரமா காட்டு." சூட்டையும் அளவாகத்தான் கொடுப்பார். எல்லாமே அளவு. விறகுகூட பின்பக்கத் தகரத்தடியில் ஒரு தடவை அடுக்குவார், கொஞ்ச மாதம் போனால் அதையே அள்ளிக்கொண்டு வந்து வீட்டை ஒட்டிய விறகறையில் மறுபடி அடுக்குவார். ஒரே விறகை எதற்கு இரண்டு தடவை அடுக்குகிறீர்கள் என்று ஒரு லீவில் கேட்டாள், "வேற வேலை?" என்றார். பிட்டரின் பைத்தியம் என்று அவளும் அம்மாவும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாளா? சரியாக ஞாபகம் இல்லை.

"என்ன அம்மிணி, கணக்கா?"

அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கண் மட்டும் பெரிதாக, முகம் மஞ்சளாக. அவள் கவரைப் புரட்டிவிட்டாள், புரட்டினால் அந்தப் பக்கம் அவருடைய பெயரும் வயசும் தெரிந்தது, மறுபடி புரட்டினாள்.

"தீசிஸ் கணக்குப்பா."

"என்ன வருது?"

"முப்பத்து மூணு."

"பாஸ் மார்க்குக்கு ரெண்டு கொறையுதே," என்றார். "வாத்தியார்கிட்டச் சொல்லிப் போடச் சொல்லு."

சிரித்தார், சிரிப்பு பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டாள், அவர் கை ஜில்லென்று இருந்தது, கணப்புக்கு மூன்றடியில் படுத்திருக்கிற மனுஷனின் கை. உடம்பில் எரிக்க எதுவும் மிச்சமில்லை, அதனால்தான் இத்தனை குளிர் என்று அந்த டாக்டர் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தைந்து ஆக்கவேண்டும். முடியும். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ என்பதைப் பதினாலாக்கினால் முப்பத்தைந்து தாண்டும், பத்தாக்கினால் ஐம்பது, ஐம்பது என்றால் பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் வரை, பத்துக்கும் கீழே எட்டு என்றால் அறுபத்திரண்டு, பொங்கல் வந்துவிடும். எடை குறையக் குறைய நாள் கூடுகிறது, நாள் கூடக் கூட அப்பா நடுங்குகிறார். என்ன கணக்கு இது! யார் கண்டுபிடித்த வகுத்தல்! அவள் எல்லாவற்றையும் அடித்தாள். அடித்த கோட்டின் அடியிலும் 33 தெரிந்தது. பேனாவை மறுபடி மறுபடி ஓட்டிக் கறுப்பாக்கினாள். ஆக்கிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது, ஏனென்றால் வேறொரு தேதி வந்து கண்ணுக்குள் நின்றது, அதை எழுதியது அம்மா இல்லை.

போன வாரம் ஹாஸ்டலில் பெட்டி கட்டும்போது நெறியாளருக்கு விடுப்புக் கடிதம் எழுதினாள். தந்தையாரின் உடல்நிலை காரணமாக ஜனவரி இறுதி வரை. அவளே எழுதினாள், யாரும் சொல்லித்தரவில்லை. ஏன் ஜனவரி இறுதி? ஏன் ஏப்ரல் இல்லை, ஏன் 'குணமாகும் வரை' இல்லை? அம்மாவாவது விறகுக்காரர் கேட்டதால் சொன்னாள். அவளை யார் கேட்டார்கள்? எந்த மூலையில் உட்கார்ந்து எந்த வாணி இதைக் கூட்டினாள், எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் காரியமும் ஆன பிறகு கிளம்பினால் சரியாக இருக்கும் என்று? அவள் பயந்துபோய் அப்பாவின் முதுகைப் பார்த்தாள், இதையும் அவர் கேட்டிருப்பாரோ என்கிற மாதிரி. போர்வை ஏறியது, இறங்கியது. ஏறியது. இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளும் மூச்சு விடவில்லை. இறங்கியது. இல்லை, அவளுடையதும் அம்மாவுடையதும் ஒன்றாகாது. அவள் விடுப்புதானே கேட்டாள், அம்மா விறகையே நிறுத்துகிறாள். ஜனவரிக்கும் மார்கழி ஒன்றுக்கும் ஒன்றரை மாத வித்தியாசம் இருக்கிறது. ஆக ஒன்றரை மாதம் கூடுதலாகக் கொடுத்தவள் நல்லவள், அப்படியா? சீ. மணி பதினொன்று இருபது. கணப்புக்குள் ஏதோ சரிந்து விழுந்தது. கூடையைப் பார்த்தாள், காலி. எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள், விறகு எடுக்கத்தான் போவதாக நடந்தாள், நடக்க நடக்க வாதம் கூர்மையாகிக்கொண்டே வந்தது.

அம்மா விறகறை வாசலில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலு நாளாக விறகு எடுத்து வைத்ததெல்லாம் அம்மாதான், வாணி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"ஒரு நடைன்னு எப்படிம்மா உனக்கு வாய் வந்துச்சு?"

"மெதுவாப் பேசு. பலகைச் சொவுரு. என்ன இப்ப?"

"முப்பத்து மூணு நாள். ஒரு நடை வெறகு முப்பத்து மூணு நாள்தான் வரும். மார்கழி ஒண்ணாந்தேதி தீர்ந்துபோகும். அதுக்கப்பறம் அப்பா என்ன பண்ணுவாரு? சொல்லு. நீயே நாள் குறிச்சிட்டயா?"

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா? பச்சை மரத்தை எறக்கி அன்னிக்கே எரிக்க முடியுமா? பொகைஞ்சு பொகைஞ்சு ஊட்டை விட்டே ஓட வேண்டியதுதான். இப்ப எறங்கறது அடுத்த வருசத்துக்கு. எப்பவும் அப்படித்தான. பின்னால ஒரு வருசம் காஞ்சாத்தான் அது வெறகு." கழுத்தால் உள்ளே காட்டினாள். "இந்த வருசத்துக்குண்டானதைத்தான் உங்கப்பன் போன ஐப்பசியிலேயே வாங்கிக் காயப்போட்டு, ஆடியில கொண்டாந்து அடுக்கி வச்சிருக்காரே. வவுறு வலிக்குது வவுறு வலிக்குதுன்னுட்டேதான் அடுக்குனாரு. விடுங்கன்னா கேட்டாத்தான."

வாணி உள்ளே பார்த்தாள். விறகறை கூரைவரை நிறைந்திருந்தது. நாலு வரிசை, ஒவ்வொன்றும் மட்டம் வைத்துப் பார்த்தது மாதிரி நேராக, ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் சாக்பீஸ் எழுத்து. முதல் வரிசையில் 11, அதுதான் பாதி குறைந்திருந்தது. அடுத்தது 12. அடுத்தது 1. கடைசியில், சுவரை ஒட்டி, இருக்கிறதிலேயே பெருத்த கட்டைகளாக, 2. கடைக்காரர் அடையாளம் இல்லை. மாதம். பதினொன்றை முடிக்காமல் பன்னிரண்டைத் தொடக்கூடாது என்று சின்ன வயதில் கையில் அடி வாங்கியிருக்கிறாள், அது ஏதோ எண் சொல்லிக்கொடுக்கிற விளையாட்டு என்றல்லவா நினைத்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் நவம்பரில் வண்டி வந்தது, நவம்பரில் கணப்பு எரிந்தது, வந்ததுதான் எரிகிறது என்று எடுத்துக்கொண்டாள், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றால்தான் மற்றது என்று நினைக்காதே என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிறவள். பச்சை விறகு எப்படி மறுநாளே சீறாமல் எரிந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எடைத்தராசை எடுத்தாள், காலண்டரை எடுத்தாள், பத்தடி நடந்து வந்து விறகறையைப் பார்க்கவில்லை. சரி, அப்படியானால் அப்பாவுக்கு பிப்ரவரி வரை இருக்கிறது, பனி முடியும் வரை இருக்கிறது, யாரும் எதையும் குறைக்கவில்லை, மனசு ஒரு கணம் லேசாகித் துள்ளியது, துள்ளிய இடத்திலேயே நின்றது.

"அப்ப அந்த ஒரு நடை?"

"எனக்கு," என்றாள் அம்மா.

கீரைக்கட்டை மறுபடி எடுத்துக்கொண்டாள். "ஒத்தைப் பொம்பளைக்கு ஒரு நடை தாராளம். சமையக்கட்டுல படுத்துக்கிட்டன்னா அதுலயும் மிஞ்சும். நீ ஆஸ்டல்ல இருப்ப. முன்னறையில யாரு உக்காரப்போறா?"

ஆக அம்மா இந்தப் பனிக்காலத்தை எப்போதோ தாண்டிப் போயிருக்கிறாள். இவளும் டாக்டரும் பனி எது தேதி எது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தனியாக நடந்து அடுத்த ஐப்பசிக்குப் போய், பூட்டின முன்னறையையும் பற்றவைக்காத கணப்பையும் பார்த்து, சமையல்கட்டில் அடுப்போரமாகத் தன் பாய்க்கு இடம் அளந்து, திரும்பி வந்து ரசம் வைத்திருக்கிறாள். அந்தக் கொய்யாப்பழத்தைக் கடித்தபோதே போய்விட்டு வந்திருப்பாள். அம்மா அப்பாவின் குளிரில் ஒரு துண்டு குறைக்கவில்லை, குறைத்தது தன்னுடையதில். வாணி ஒரு மணி நேரமாகக் கூர்தீட்டிய வாதம் கையில் இருந்தது, குத்த ஆள் இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"நான் ஹாஸ்டல் போய் ஆறு வருஷம் ஆச்சும்மா," என்றாள். குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள். "மூணு பேர் ரெண்டு பேர் ஆனீங்க. அப்ப மூணு நடை ரெண்டு நடை ஆச்சா? ஆகலைல்ல? ஏன்?"

"ஏன்னா?"

"அறைக்கு ஆள் எண்ணத் தெரியாதும்மா. ஒரு ஆள் இருந்தாலும் குளிர் அதே குளிர்தான். நீ பாதி ஆள் இல்ல. உனக்கு முன்னறை உண்டு. கணப்பு உண்டு. மூணு நடையும் உண்டு."

அம்மா கீரைத் தண்டை ஒடித்தாள், ஒடித்ததையே மறுபடி ஒடித்தாள். அப்போது போன் அடித்தது. வாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, சூசை. வண்டி கெளம்புது. அக்கா என்ன சொன்னாங்க?"

"மூணு நடைண்ணா."

"காலையில அக்கா ரோட்டுல பாத்தப்ப ஒண்ணு போதும் போலன்னுச்சே?"

வாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மடியிலிருந்த கீரையைப் பார்த்தாள். "மூணாவது நடையை யாருடி அடுக்கறது?" என்று முணுமுணுத்தாள், அவ்வளவுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நான்," என்றாள் வாணி. போனில், "மூணுண்ணா. எப்பவும் போல."

பலகைச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, மெலிந்து, ஆனால் ஒவ்வொரு எழுத்தாக.

"சீகை மட்டும் போடச் சொல்லு அம்மிணி. போன தடவை கற்பூர மரத்தைக் கலந்துட்டான். தைல மரம், அது வெடிக்கும். உங்கம்மா பயப்படுவா."

சூசைக்கும் அது கேட்டிருக்கவேண்டும். போனில் வண்டியை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்கண்ணா, சீகையேதான்" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். ஆக அப்பா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், நாள் குறித்ததை, எனக்கு என்றதை, ஒத்தைப் பொம்பளையை. கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள், வாணி அவளைத் தாண்டி விறகறைக்குள் போனாள். கூடை 11 என்று எழுதிய வரிசைக்கு முன்னால் நின்றது. அவள் நிற்கவில்லை. பன்னிரண்டைத் தாண்டினாள், ஒன்றைத் தாண்டினாள், சுவரோரம் போய் எட்டி மேலிருந்த கட்டையைப் பிடித்து இழுத்தாள், கனமான கட்டை, கணு உள்ள கட்டை, மார்போடு அணைத்துக்கொண்டுதான் தூக்க முடிந்தது.

"ஏய், பதினொண்ணே முடியலைடி," என்றாள் அம்மா முந்தானைக்குள்ளிருந்து.

"தெரியும்."

அம்மா காலை மடக்கி வழிவிட்டாள்.

உள்ளே அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அவள் கட்டையைக் கட்டிலருகே இறக்கிவைத்தாள். அவர் பார்வை நேரே வெட்டுமுகத்துக்குத்தான் போனது. வாணி பதில்களைத் தயாராக வைத்திருந்தாள், பிப்ரவரிக் கட்டை பிப்ரவரியில்தான் சுடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, குளிர் இன்றைக்கு இருக்கிறது, நீங்கள் இன்றைக்கு இருக்கிறீர்கள், என்று ஒன்றன் பின் ஒன்றாக. அப்பா கையை நீட்டி, தான் எழுதிய இரண்டின் வளைவைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். அடி விழும் என்று அவளுக்கு உள்ளங்கை கூசியது.

"குறுக்கால வைக்காத," என்றார். "பெரிய கட்டை. அடியில வை. மெதுவாத்தான் புடிக்கும்."

ஒரு பதிலும் தேவைப்படவில்லை. அவள் கணப்பின் கதவைத் திறந்து கங்குகளை ஒதுக்கி அடியில் வைத்தாள், அவர் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தபடியே விட்டாள். அம்மாவும் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள், கீரை மடியிலேயே இருந்தது. மெதுவாகத்தான் பிடித்தது. முதலில் ஓரம் பழுத்தது, பட்டை சுருண்டு உரிந்தது, வெட்டுமுகம் கறுத்துக்கொண்டே வந்தது, கறுக்கக் கறுக்க அந்த இரண்டு மட்டும் எரியாமல் இன்னும் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.